கறவை மாடு காலைத் தாங்கி நடக்கிறதா? குளம்புக்கட்டை எப்போது ஒட்டலாம், ஒட்டியும் ஏன் சரியாகவில்லை

மாட்டின் ஒவ்வொரு காலிலும் இரண்டு குளம்புகள். ஒன்றில் புண் வந்தால், மற்றதன் அடியில் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டையை ஒட்டுகிறோம். புண்பட்ட குளம்பு தரையில் படாமல் தொங்குகிறது. பாரம் விழாததால் அங்கே புதுக் குளம்பு வளர்ந்து மூடுகிறது. குளம்புக்கட்டை செய்யும் வேலை இவ்வளவுதான். ஆகவே ஒட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். வந்திருப்பது பாரத்தால் மோசமாகும் நோய்தானா? பாரத்தை வாங்கப்போகும் பக்கத்துக் குளம்பு முழு நலமாக இருக்கிறதா? கட்டை ஒட்டிய பிறகு மாடு மோசமானால் காரணத்தை முதலில் இந்த இரண்டு கேள்வியிலேயே தேடுங்கள்.

மதுரை மாவட்டத்தில் அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் சிமென்ட் தரைக் கொட்டத்தில் இரண்டு மூன்று ஜெர்சி, எச்.எப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு மாடுகள் வைத்துக்கொண்டு, பகலில் கண்மாய்க்கும் அறுத்த வயலுக்கும் ஓட்டிப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. குளம்பு சீவுவதைக் கற்றவர்கள் தாங்களே செய்யலாம். மற்றவர்கள் கால்நடை மருத்துவர் செய்யும்போது என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதலில் எந்தக் கால், எந்தக் குளம்பு

மாட்டைச் சமமான கெட்டித் தரையில் பத்துப் பதினைந்து அடி நடக்கவிட்டு, பக்கவாட்டில் நின்று பாருங்கள். மணலிலும் சேற்றிலும் நொண்டல் தெரியாது. நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு நடக்கும்போது வளைந்தால் வலி தொடங்கியிருக்கிறது; நிற்கும்போதே வளைந்திருந்தால் வலி முற்றிவிட்டது. முன்னங்காலில் வலி என்றால், அந்தக் காலை ஊன்றும்போது தலை மேலே போகும். பின்னங்கால் வலிக்குத் தலை தாழும்.

பின்னங்காலில் வெளிக்குளம்புதான் அதிகம் கெடும். முன்னங்காலில் உள்குளம்பு. முன்னங்கால்களைக் குறுக்கே போட்டு ஒரு மாடு நின்றால், இரண்டு கால்களிலும் உள்குளம்பு வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்; பாரத்தை வெளிக்குளம்புக்கு மாற்றத்தான் அது அப்படி நிற்கிறது.

காலைத் தூக்காமல் முடிவுசெய்யக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடும் இரும்புக் குழாய்ச் சட்டம் இருக்கும். அதில் மாட்டை நிறுத்தி, வயிற்றுக்குக் கீழே ஒரு பட்டையைக் கொடுத்து, பின்முட்டிக்கு மேல் கயிறு போட்டுக் காலைத் தூக்கலாம். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். மாடு தடுமாறி உட்கார்ந்தால் அவிழ்க்க நேரம் இருக்காது. காளைக்கு லாடம் அடிக்கும்போது சாய்ப்பதுபோல் சினை முற்றிய பசுவைக் கயிறு போட்டுச் சாய்க்கவே கூடாது.

தூக்கிய காலைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, குளம்படியின் மேல்தோலை மெல்லிய ஏடாக ஒருமுறை சீவுங்கள். அழுக்குக்கு அடியில் இருக்கும் கரும்புள்ளி, இரத்தக்கறை, வெடிப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். குளம்பிடுக்கை விரித்துப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், அழுகல் நாற்றம் பாதி நோயைச் சொல்லிவிடும்.

நேற்று நன்றாக நடந்தது, இன்று காலை ஊன்றவே இல்லை

இந்தப் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சீமைக்கருவேல முள். குளம்படியில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே ஒரு கரும்புள்ளி மட்டும் தெரியும். அடுத்தது வெள்ளைக்கோட்டுச் சீழ். குளம்பின் சுவரும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். அது பிரிந்தால் சரளையும் சாணமும் உள்ளே புகுந்து சீழ் பிடிக்கும். பெரும்பாலும் வெளிக்குளம்பின் வெளிப்பக்கம், பின்பாதியில் இது வரும். மூடிய குளம்புக்குள் சீழுக்கு விரிய இடமில்லை. அதனால்தான் மாடு துடிக்கிறது.

கரும்புள்ளியைக் கத்தி நுனியால் பின்தொடர்ந்து சீவுங்கள். வெள்ளைக்கோட்டில் என்றால் குழி தோண்டாமல், வெளிச்சுவரையும் சேர்த்துச் சரிவாக எடுங்கள். குழியில் சாணம் அடைத்துக்கொண்டு மறுபடியும் மூடிக்கொள்ளும். சரிவில் எதுவும் தங்காது. சாம்பல் நிறமோ கருப்போ ஆன சீழ் வெளியே வந்ததும் பல மாடுகள் அன்றைக்கே காலை ஊன்றத் தொடங்கும். அதைப் பார்த்து அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சீழ் போன வழியெல்லாம் குளம்பு உள்சதையைவிட்டுப் பிரிந்து நிற்கும். அந்தத் தளர்ந்த குளம்பு முழுவதையும் எடுத்த பிறகு உயிர்ச்சதை தெரிந்தால் பக்கத்துக் குளம்புக்குக் கட்டை ஒட்டுங்கள். சிறு ஓட்டை மட்டும்தான், அடியில் புதுக் குளம்பு ஏற்கெனவே இருக்கிறது என்றால் கட்டை தேவையில்லை.

குளம்பில் எதுவுமே கிடைக்கவில்லை, காலும் ஊன்றவில்லை என்றால் எலும்பு முறிவாகவோ மூட்டு விலகலாகவோ இருக்கலாம். மேலே தடவிப் பார்த்துவிட்டு 1962-க்குக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கான எண் அதுதான்.

வாரக்கணக்கில் மெல்லக் கூடிவரும் நொண்டல்

கட்டைக்கென்றே ஏற்பட்ட நோய் இதுதான்: குளம்படிப் புண். வெளிக்குளம்பின் அடிப்பாகம் குதியோடு சேரும் இடத்தில், குளம்பிடுக்கை ஒட்டிய பக்கமாக, முதலில் இரத்தக்கறையாகவும் பிறகு செர்ரிச் சிவப்பில் பிதுங்கிய சதையாகவும் தெரியும். கட்டைவிரலால் அமுக்கினால் மாடு காலை வெடுக்கென்று இழுக்கும்.

அதே இடத்தில் ஏன் வருகிறது என்று தெரிந்தால் சிகிச்சை தானாகப் புரியும். குளம்புக்குள் இருக்கும் எலும்பின் பின்முனை சரியாக அந்த இடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. எலும்புக்கும் குளம்புக்கும் நடுவே கொழுப்பு மெத்தை ஒன்று உண்டு. கன்று போட்டுப் பால் ஏறும் மாதங்களில் உடல் இளைக்கும்போது அதுவும் மெலியும். எலும்பைத் தாங்கும் நார்களும் கன்று போடும் சமயத்தில் தளரும். எலும்பு இறங்கி உயிர்ச்சதையை நசுக்கும். நசுங்கிய சதை நல்ல குளம்பைச் சுரக்காது. அதனால்தான் கன்று போட்ட இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம்வரை இந்தப் புண் அதிகம் தெரிகிறது. இன்று அடியில் தெரியும் கறை ஆறு, எட்டு வாரங்களுக்கு முன் உள்ளே விழுந்த அடி; மேலே சுரந்தது கீழே வந்துசேர அவ்வளவு காலம் பிடிக்கும்.

களிம்பும் ஊசியும் மட்டும் போட்டு இந்தப் புண் ஆறாது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் எலும்பு மறுபடி அதே இடத்தை நசுக்குகிறது. பாரத்தை எடுக்க வேண்டும்.

இரண்டு குளம்புக்கும் நடுவே வீக்கம், நாற்றம், காய்ச்சல்

குளம்புகளுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரே அளவில் வீங்கி, இடுக்கில் தோல் வெடித்து அழுகியிருந்தால் அது குளம்பிடுக்கு அழுகல். கிருமி உள்ளே இருக்கிறது, கட்டையால் பயனில்லை. அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு எதிருயிரி ஊசி போட வேண்டும். தள்ளிப்போட்டால் மூட்டுக்குள் இறங்கிவிடும். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்று அவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். இடுக்கில் முள்ளோ கல்லோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம்.

வீக்கம் ஒரு குளம்புக்கு மேல் மட்டும், ஒரு பக்கமாக இருந்தால் கதை வேறு. சீழ் ஆழத்தில் இறங்கியிருக்கிறது. இது மருத்துவர் அறுத்துச் செய்ய வேண்டிய வேலை. பக்கத்துக் குளம்புக்குக் கட்டை இங்கே துணைக்கு உதவும். தனியாக அது போதாது.

குதிக்குப் பின்னால் சிவந்த ரணம்

பின்பக்கம் சின்னக் குளம்புகளுக்குக் கீழே, தோலும் குதியும் சேரும் இடத்தில் ரூபாய்க் காசளவு சிவந்து, தொட்டால் இரத்தம் கசிந்து, ஓரத்தில் மயிர் நட்டுக்கொண்டிருந்தால் அது தோல் நோய். ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். கழுவித் துடைத்து, ஆக்ஸிடெட்ராசைக்ளின் தெளிமருந்தை மருத்துவர் சொன்னபடி அடித்து, கொட்டத்தை உலர்வாக வைத்தால் இறங்கும். கட்டை ஒட்டினால் கால் சாணத்தில் இன்னும் அழுந்தாமல் இருக்கும் என்று நினைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு; ரணம் தோலில் இருக்கும்போது அதனால் ஒன்றும் மாறாது. ஐந்து சத மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ, ரணத்துக்கல்ல. மற்ற மாடுகளுக்குப் பரவாமலிருக்கக் கால் நனைத்துப் போவதற்கு. அந்தத் தண்ணீரை வயலிலோ ஆடு குடிக்கும் இடத்திலோ கொட்டாதீர்கள். செம்பு ஆட்டுக்கு நஞ்சு.

நாலு காலும் வலிக்கிறது

வாயில் எச்சில் ஒழுகி, நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் இருந்தால் கோமாரி. காலைத் தூக்கிச் சீவ வேண்டாம், கத்தியை அடுத்த மாட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம், உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

வாய் சுத்தமாக இருந்து, மாடு முட்டைமேல் நடப்பதுபோல் அடியெடுத்து வைத்து, குளம்பும் மயிரும் சேரும் விளிம்பில் சூடு தெரிந்தால், முந்தைய நாட்களில் என்ன தின்றது என்று கேளுங்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு, பொங்கலுக்கு மறுநாள் பானையோடு வைத்த பொங்கல், வழக்கத்துக்கு மேல் கஞ்சி: இவை வயிற்றில் அமிலமாகி, குளம்புக்குள் இருக்கும் இரத்த ஓட்டத்தையும் கெடுக்கும். முதலில் வயிற்றுக்கு வைத்தியம். நாலு குளம்பும் வலிக்கும்போது எந்தக் குளம்பின்மேல் பாரத்தை ஏற்றுவது? கட்டைக்கு இங்கே இடமே இல்லை.

குளம்பில் ஒன்றுமே இல்லை, ஆனால் காலை இழுக்கிறது

பின்னங்காலைப் பின்னால் நீட்டி, நுனி தரையில் உரச இழுத்து, பிறகு வெட்டினாற்போல் முன்னுக்குக் கொண்டுவந்தால் முழங்கால் சில்லு மாட்டிக்கொள்கிறது. கொஞ்ச தூரம் நடந்ததும் சரியாவதுபோல் தெரியும்; மறுநாள் திரும்ப வரும். குளம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவர் ஒரு தசைநாரை வெட்டிவிட்டால் தீரும்.

கட்டை ஒட்டுவதற்கு முன் சீவுதல்

நல்ல குளம்பிலிருந்து தொடங்குங்கள். பின்னங்காலில் அது உள்குளம்பு. குளம்பின் முன்சுவர், மயிர்விளிம்பிலிருந்து நுனிவரை, பெரிய எச்.எப். மாட்டுக்கு 7.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிய ஜெர்சிக் கலப்புக்கு 7 போதும். அடிப்பாகத்தில் மேடுபள்ளத்தை மட்டும் எடுத்துச் சமமாக்குங்கள், குதியைத் தொடாதீர்கள். கட்டைவிரலால் அமுக்கும்போது அடி நெகிழ்ந்தால் ஏற்கெனவே மெலிந்துவிட்டது. கத்தியைக் கீழே வையுங்கள்.

பிறகு புண்பட்ட குளம்பு. அதன் பின்பக்க மூன்றில் இரண்டு பங்கை, குதிவரை தாழச் சீவுங்கள். பக்கத்துக் குளம்பின் குதி நல்ல உயரமாக இருந்தால் இந்தச் சீவலிலேயே புண் தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். கட்டை இல்லாமலே வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் நேரே கட்டையை எடுப்பது நம்மிடம் அடிக்கடி நடக்கும் தவறு. புண்ணைச் சுற்றித் தளர்ந்து நிற்கும் குளம்பை ஏடு ஏடாக, ஓரம் மெலிந்து வளையும் அளவுக்கு எடுங்கள். பிதுங்கிய செஞ்சதையை அறுக்காதீர்கள். சுற்றி இருக்கும் தடித்த ஓரம் அதை நெரிப்பதால்தான் பிதுங்குகிறது. ஓரம் போனதும், பாரம் போனதும் அது தானே அடங்கும்.

புண்ணில் மயில்துத்தப் பொடி, ஆசிட், வண்டி ஆயில் எதுவும் வேண்டாம். அவை சதையைச் சுட்டு, புதுக் குளம்பு சுரக்கும் பரப்பையே கருக்கிவிடும். கட்டுப் போட்டு நாட்கணக்கில் விட்டால் சாணத்தில் ஊறி அழுகும். திறந்து, உலர்ந்து இருப்பதே நல்லது. புழு வைத்த புண்ணை மட்டும் மருத்துவர் பார்த்து, புழுவை எடுத்து மருந்து வைக்கட்டும்.

ஆழமான புண் என்றால் சீவும் முன் மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். முட்டிக்குக் கீழே இரப்பர் பட்டையால் கட்டி, இரத்தக் குழாயில் லிக்னோகெயின் ஏற்றினால் சில நிமிடங்களில் பாதம் முழுக்க மரத்துவிடும். வலிக்காத மாடு உதைக்காது. உதைக்காத மாட்டுக்குக் கட்டை நேராக ஒட்டும்.

கட்டையும் பசையும்

கடையில் மரம், இரப்பர், பிளாஸ்டிக் என மூன்று வகையும் கிடைக்கும். தச்சுப்பட்டறையில் செய்யச் சொன்னால் ஜெர்சிக் கலப்புக்கு 10 – 11 சென்டிமீட்டர் நீளம், 4.5 அகலம், எச்.எப். மாட்டுக்கு 12 நீளம், 5 அகலம். மரத்தின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நடுவில் பிளக்கும். ஒட்டும் முகத்தில் ரம்பத்தால் குறுக்கே நாலைந்து கோடு இழுத்துக்கொள்ளுங்கள். கீழ்முகத்தின் முன்னோரத்தை உருட்டிவிட்டால் மாடு காலெடுக்கும்போது தடுக்காது. எண்ணெய் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது.

பசை இரண்டு வகை. பொடியும் திரவமும் கலக்கும் அக்ரிலிக் ஒன்று. பல்செட் செய்யும் அக்ரிலிக்குக்கு உறவு. இரட்டைக் குழாயிலிருந்து துப்பாக்கியால் பிதுக்கும் பாலியூரித்தேன் மற்றொன்று. இது ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறுகத் தொடங்கும், விலை கூடுதல். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எபாக்ஸிக் களிம்பு இறுக வெகுநேரமாகும். அவ்வளவு நேரம் எந்த மாடும் காலைக் கொடுத்துக்கொண்டு நிற்காது.

அக்ரிலிக் பசை இறுகும்போது சூடேறும். சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் வேகமாக இறுகி, கலக்கி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள்; திரவத்தைக் கலக்கும்வரை நிழலில், தண்ணீரில் நிறுத்திய பாத்திரத்தில் வையுங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. கையுறை போடுங்கள்.

ஒட்டும் முறை

1. நல்ல குளம்பைக் கடைசியாக ஒருமுறை சோதியுங்கள். அடி முழுவதையும், குதியையும் கட்டைவிரலால் அமுக்குங்கள். குறட்டால் இதமாகப் பிடித்துப் பாருங்கள். எங்கே அமுக்கும்போது மாடு காலை வெடுக்கென்று இழுத்தாலும், கரும்புள்ளி தெரிந்தாலும், அடி மெலிந்திருந்தாலும் கட்டை ஒட்டக் கூடாது.

2. அடியையும் வெளிச்சுவரின் கீழ்ப்பகுதியையும் அரத்தால் தேய்த்து, வெளிறிய, உலர்ந்த புதுக் குளம்பு தெரியும்வரை எடுங்கள். அரத்தின் மூலையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தடவி, அது முழுக்க ஆவியாகும்வரை பொறுங்கள். பிறகு விரல் படக் கூடாது.

3. பாக்கெட்டில் சொன்ன அளவில் பொடியையும் திரவத்தையும் கலக்குங்கள். இட்லி மாவுப் பதம் தாண்டிக் கொஞ்சம் கெட்டியாகும்போது கட்டையில் பூசுங்கள். தண்ணீராக ஓடும்போது வைத்தால் கட்டை நழுவும், பசை இடுக்கில் வழியும்.

4. கட்டையின் உள்விளிம்பு குளம்பின் உள்விளிம்போடு சேர வேண்டும். பின்முனை குதியின் கடைசிவரை, கொஞ்சம் பின்னால் நீண்டாலும் சரி, வந்து குதியைத் தாங்க வேண்டும். முன்னால் குளம்பு நுனியைத் தாண்டி நீளக் கூடாது. கட்டையின் கீழ்முகம் காலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பின்னால் நின்று கண்ணால் அளவெடுங்கள்.

5. வெளிச்சுவரில் ஒன்றரை சென்டிமீட்டர்வரை பசையை ஏற்றிப் பூசுங்கள். தோலிலும் குதிச்சதையிலும் படவிடாதீர்கள். குளம்பிடுக்கில் வழிந்ததை இறுகுமுன் விரலால் துடைத்தெடுங்கள். இறுகிவிட்டால் அது கத்தி முனையாகி, பக்கத்துக் குளம்பை அறுத்துக்கொண்டிருக்கும்.

6. நகத்தால் குத்தினால் பதியாத அளவுக்கு இறுகும்வரை காலை இறக்காதீர்கள். இறக்கியதும் புண்பட்ட குளம்பு தரையைத் தொடவில்லை என்று குனிந்து பாருங்கள்.

வலிமருந்தும் வேண்டும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட சோதனையில் சீவுதல், கட்டை, வலிமருந்து மூன்றும் சேர்ந்த மாடுகளே நன்றாகத் தேறின. அவர்கள் கொடுத்தது கீட்டோப்ரோஃபென். இங்கே அது கூடாது. செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகளைக் கொல்வதால் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் 2006-லும், கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-லும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகம் போடச் சொல்லிக் கேளுங்கள். மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் மனித ஊசியை வாங்கிவராதீர்கள்.

கட்டை ஒரு வாரத்துக்குள் விழுந்துவிட்டது

விழுந்த கட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். பசை முழுக்கக் கட்டையோடு வந்திருந்தால் குளம்பில் ஈரமோ அழுக்கோ இருந்திருக்கிறது, அரம் போதவில்லை. பசை குளம்பிலேயே இருந்து மரம் மட்டும் வந்திருந்தால் கட்டையில் எண்ணெயோ ஈரமோ. இரண்டிலும் பாதிப் பாதி ஒட்டிக்கொண்டு நடுவில் பிளந்திருந்தால் பசை கலவை தவறு, அல்லது இறுகுமுன் கால் இறங்கிவிட்டது. மழை மாதங்களில், ஐப்பசி கார்த்திகையில், குளம்பு உள்ளே ஈரம் குடித்திருக்கும். துடைத்தால் மட்டும் போதாது, முடி உலர்த்தும் கருவியால் தள்ளிப் பிடித்து இதமாக உலர்த்துங்கள்.

இரண்டு வாரத்துக்குள் விழுந்தால் மறுபடி ஒட்டத்தான் வேண்டும். புண்மேல் புதுக் குளம்பு அதற்குள் ஏட்டளவுதான் வளர்ந்திருக்கும்.

ஒட்டிய அன்றோ மறுநாளோ நொண்டல் கூடிவிட்டது

முதல் சில மணி நேரம் மாடு உயரத்துக்குப் பழகத் தடுமாறும், அது வேறு. மறுநாளும் ஊன்ற மறுத்தால், கட்டை ஒட்டிய குளம்பில்தான் கோளாறு. அடி மெலிந்த குளம்பில் பசைச்சூடு சுட்டிருக்கலாம். சோதனையில் தப்பிய புண் அங்கேயும் இருக்கலாம். கட்டை முன்னால் தள்ளி ஒட்டியிருந்தால் குதி தாங்கலின்றித் தொங்கி, ஒவ்வோர் அடியிலும் பாதம் பின்னால் மடங்கும். இடுக்கில் இறுகிய பசையையும் பாருங்கள். பழகிவிடும் என்று காத்திராமல் அன்றே எடுத்துவிடுங்கள். நல்ல குளம்பும் கெட்டால் மாட்டுக்கு ஊன்ற வேறு இடமே இல்லை.

ஒரு வாரமாகியும் மாற்றமே இல்லை

புண்ணைச் சுற்றித் தளர்ந்த குளம்பு பாக்கியிருக்கிறதா என்று மறுபடி தூக்கிப் பாருங்கள். புண்ணில் குச்சி விட்டால் ஆழமாக இறங்குகிறது, சீழ் வருகிறது, குளம்புக்கு மேல் ஒரு பக்கம் வீங்குகிறது என்றால் எலும்பிலோ மூட்டிலோ கிருமி. இது கட்டை தீர்க்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு குளம்பை எடுத்துவிடும் அறுவையும் உண்டு. மற்றொரு குளம்பிலேயே மாடு நடந்து பாலும் கொடுக்கும். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையமும், தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. உள்ளூர் மருத்துவர் அனுப்பினால் தயங்காதீர்கள்.

தேறி வந்தது, மூன்றாம் வாரத்தில் மறுபடி நொண்டுகிறது

கட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். சொரசொரப்பான புது சிமென்ட் தரை மரத்தை அரம்போல் தின்னும். சரிந்த கட்டையில் நிற்கும்போது கணுமூட்டு முறுக்கிக்கொள்ளும். அதை எடுத்து, தேவையானால் புதுக் கட்டை. கட்டைக்கும் பக்கத்துக் குளம்புக்கும் நடுவே சரளைக்கல் செருகியிருப்பதும் உண்டு. தினம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். கட்டை ஒட்டிய மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். மண்தரையில், தண்ணீரும் சோளத்தட்டையும் எட்டும் தூரத்தில் கட்டுங்கள். ஈர சிமென்டில் கட்டை வழுக்கும்; இரப்பர் பாய் இல்லாவிட்டால் மணல் பரப்புங்கள்.

ஆறு வாரமாகியும் கட்டை விழவில்லை

விழாத கட்டையை நல்ல வேலைக்குச் சான்று என்று விட்டுவிடக் கூடாது. குளம்பு வளர வளரக் கட்டை முன்னால் நகர்ந்து, பாரம் குதிக்குப் போய், நல்ல குளம்பில் புதுப் புண் வரும். ஒட்டிய தேதியைக் கொட்டத்துச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்து, நான்காம் வாரம் காலைத் தூக்கிப் பாருங்கள். புண்மேல் உலர்ந்த குளம்பு மூடி, அமுக்கினால் வலிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பக்கவாட்டில் பசைக்கோட்டில் குறட்டைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். சுத்தியல் உளி வேண்டாம். பிளாஸ்டிக் கட்டை தானாகத் தேயாது; அதைக் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததும் அந்தக் குளம்பின் அடியை அமுக்கிச் சோதியுங்கள்.

அதே மாடு அடுத்த ஈற்றிலும் நொண்டுகிறது

ஒருமுறை புண் வந்த குளம்பில் உள்ளே எலும்பு முனை தடித்துவிடும். அந்த மாட்டுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பால் வற்றவிடும்போது ஒருமுறை, கன்று போட்ட இரண்டு மாதத்தில் ஒருமுறை, நொண்டாவிட்டாலும் சீவிவையுங்கள். மாடு நாளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் அது படுக்காது. உடல் சூட்டை ஆற்ற நின்றுகொண்டே இருக்கும். அந்த நின்ற நேரம்தான் ஆனி, ஆடியில் குளம்படிப் புண்ணாக வெளியே வருகிறது. கூரைமேல் தென்னங்கீற்று, பகலில் மரநிழல், படுக்கக் காய்ந்த மண்: சித்திரையிலேயே இவற்றைச் செய்துவிடுங்கள், ஆடியில் கட்டையின் தேவை குறையும்.